மொரிசியஸிலிருந்து: தமிழில் எழுதிப் பழக வழி சொல்லுங்கள்

அக்கா, அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம். ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். இந்த ஆண்டுதான் கல்லூரியில் சேர்ந்தேன், தமிழும் ஒரு பாடம்.

வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் நாட்டுப் பேச்சுமொழி. செய்தித்தாள் பிரெஞ்சில், தேர்வு ஆங்கிலத்தில். தமிழைப் பள்ளியில் மட்டும்தான் படித்தேன். கடிதம், பத்துவரிக் கட்டுரை என்றால் சமாளித்துவிடுவேன். இப்போது நான்கு பக்கக் கதையைப் படித்து அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். படிக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன், வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடுகிறது.

எழுதுவது இன்னும் கஷ்டம். கிரியோலில் யோசித்துத் தமிழுக்கு மாற்றுகிறேன். கிரியோலில் மோ மாஞ்ஜே, தோ மாஞ்ஜே, லி மாஞ்ஜே என்று யார் சாப்பிட்டாலும் வினை மாறாது. தமிழில் சாப்பிட்டேன், சாப்பிட்டாய், சாப்பிட்டார் என்று ஆளுக்கேற்ப மாற வேண்டும். அங்கேதான் தடுமாறுகிறேன். அப்புறம் ல, ள, ழ. காதால் கேட்டுப் பிரிக்க முடியவில்லை, சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்கிறேன்.

எங்கள் ரூபாய் நோட்டில்கூடத் தமிழ் இருக்கிறது. பாட்டி அதைக் காட்டித்தான் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார். அதனால் இந்தப் பாடத்தை விட மனமில்லை.

வேகமாகப் படிக்க நீங்கள் எப்படிப் பழகினீர்கள்? சத்தமாகப் படிப்பது உதவுமா? எளிய நடையில் உள்ள சிறுகதைகள் எவை? வாரம் ஒரு பக்கம் எழுதி இங்கே போட்டால் யாராவது திருத்தித் தருவீர்களா? ஞாயிறுதோறும் போடுகிறேன்.