ரயர் கடையும் ரயிலும்

இலங்கையின் மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து எழுதுகிறேன். போன லீவுக்குச் சென்னையில் வளரும் அண்ணன் மகன் வந்து நின்றான், பத்து வயது. பாலம் தாண்டிப் போகும் வழியில் ஒரு கடைப் பலகையை உரக்க வாசித்தான்: 'ரயர்'. ரயில் என்னும்போது வருகிற அதே ரகரம். "ரயர்னா என்ன அத்தை?"

டயர் என்றேன். "அப்போ ஏன் ர போட்டிருக்கு?"

பதில் வரவில்லை. முப்பது வருடமாக அந்தப் பலகையைக் கடந்து போகிறவள், அதில் ர இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

ரீச்சர், ரிக்கற், ரோச் லைற் எல்லாம் இப்படித்தான். ஆங்கிலத்து T, நாக்கை மடித்துச் சொல்லும் நம் டகரம் இல்லை. வெற்றி, காற்று என்று இங்கே நாங்கள் சொல்கிறபோது வரும் சத்தத்துக்குத்தான் கிட்ட. 247 எழுத்தில் அதற்கென்று தனி எழுத்து கிடையாது. அதனால் இலங்கையில் சொல்லின் கடைசியில் ற், முதலில் ர என்று எழுதிப் பழகிவிட்டோம். ரயர் என்ற ஒரே சொல்லில் முதல் ர ஒரு சத்தம், கடைசி ர் வேறு சத்தம்!

மகள் தரம் 2 படிக்கிறாள். அன்றிரவு அவளுக்கு எழுதிக் காட்டினேன். விரல் வைத்து, ர, ய, ர் என்று கூட்டினாள். மச்சான் வாசித்த மாதிரியேதான் வந்தது. கொஞ்சம் பொறுத்து, "ஆ, வேனுக்குப் போடுற ரயர்!" என்றாள். இப்போது சத்தம் சரி. சொல் பிடிபட்ட பிறகுதான் எழுத்துக்குச் சத்தம் வந்தது.

*

(இதை வாசித்த ஒருவர் எழுதியது:) அக்கா, எனக்கு இது சிங்களத்தில் நடந்தது. அம்பாறையில் அரச வேலை. இரண்டாம் மொழிப் பரீட்சையில் சித்தியடையச் சிங்களம் வாசிக்கப் பழகினேன். அதில் பசிக்கு வரும் பகரமும் பஸ்ஸுக்கு வரும் பகரமும் வேறு வேறு எழுத்து. 'பத்' என்பதைப் பஸ்ஸின் ப போட்டு எழுதினால் சோறு, பசியின் ப போட்டால் நியமனம் பெற்ற. கதைக்கும்போது ஒரு நாளும் பிசகியதில்லை. ஆனால் ஒரு கடிதத்தை உரக்க வாசித்தபோது நியமனம் சோறாகிவிட்டது. கண் இரண்டையும் ஒரே பகரமாக எடுத்துக்கொண்டது.

பக்கத்து மேசைச் சிங்களச் சகோதரி என்னிடம் தமிழ் படிக்கிறார். பம்பரத்தில் இரண்டு பகரமும் ஒரே எழுத்து, சத்தம் மட்டும் ஏன் வேறு என்று கேட்டார். அதில் இரண்டு சத்தம் இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அவருக்கு முன்னாலேயே பம்பரம், பம்பரம் என்று நாலு தரம் சொல்லிப் பார்த்தேன்.