கால்வாய் (கோமாரி) நோய்க்கு நிலவேம்புச் சாறு பருக்கலாமா? அவசரம்

கரடியனாற்றுப் பட்டி
எங்களிடம் நாட்டு மாடு 18, கன்று 5. பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் வழக்கம்போல மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போனோம். மூன்று நாளாக இரண்டு பசு புல்லைத் தொடவில்லை. வாயிலிருந்து நூல் நூலாக வீணீர் வடிகிறது. நாக்கில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருக்கிறது. இன்று காலை ஒரு நாகும் நொண்டுகிறது, குளம்பு இடுக்கில் புண். போன முறை தடுப்பூசி போட வந்தபோது பட்டி காட்டுக்குள் நின்றது, தவறிவிட்டது. அது என் பிழைதான்.

வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்தது. நிலவேம்புச் சாறு காலையும் மாலையும் ஒரு போத்தல் பருக்கினால் மூன்று நாளில் வைரஸ் செத்துவிடுமாம். நேற்று ஒரு பசுவுக்கு அரைப் போத்தல் ஊற்றினோம். பாதியில் இருமியது. தொடரலாமா?

வெல்லாவெளி அண்ணன்
நிறுத்துங்கள் தம்பி. நாக்கில் புண்ணுள்ள மாடு ஒழுங்காக விழுங்காது. தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் சாறு சுவாசப்பைக்குள் போய் நியுமோனியா வரும். கால்வாய் நோயில் பெரிய மாடு பெரும்பாலும் தப்பிவிடும், இப்படிப் பருக்கித்தான் சிலர் கொன்றுவிடுகிறார்கள். இருமிய பசுவுக்கு மூச்சு வாங்குகிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்கு இன்றைக்கே சொல்லுங்கள். பட்டியை அங்கிருந்து அசைக்க வேண்டாம். தரகர் வந்து "நொண்டி மாட்டைத் தா" என்றால் கயிற்றைக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

சோதனைக்குழாய்
நிலவேம்புக் கதை முழுப் பொய் இல்லை, அதனால்தான் பரவுகிறது. அதன் கசப்புக்குக் காரணமான அன்ட்ரோகிராபோலைட், இந்த வைரஸ் தன் புரதங்களை வெட்டிச் சீராக்கப் பயன்படுத்தும் 3சி என்ற நொதியத்தைத் தடுப்பதாக ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது தட்டில் வளர்த்த கலங்களில். அங்கே சேர்மத்தை அளந்து நேராகக் கலத்தின் மேல் விடுகிறார்கள். மாட்டுக்குப் பருக்கினால் அது முதலில் அசையூண் இரைப்பையில் விழும். அங்கே பல வாளி தண்ணீரும், எதையும் உடைத்துத் தின்னும் நுண்ணுயிர்களும் இருக்கின்றன. இரத்தத்துக்கு எவ்வளவு போய்ச் சேரும்? அரைப் போத்தலா ஆறு போத்தலா என்று யார் சொல்வது?

இன்னொன்று. கோழிக்கு வரும் இராணிக்கேட் வைரசுக்கும் மாட்டின் தோல் கழலை வைரசுக்கும் வெளியே கொழுப்பு உறை உண்டு. கால்வாய் நோய் வைரசுக்குக் கரைத்து அழிக்க அப்படி ஓர் உறை இல்லை. "ஏதோ ஒரு மூலிகை எண்ணெய் கோழி வைரசை அழித்தது, மாட்டுக்கும் கேட்கும்" என்ற கணக்கு இங்கே செல்லாது. வாளியைச் சவர்க்காரத்தால் கழுவினாலும் போதாது. இது அமிலத்துக்கும் காரத்துக்கும் பணியும். 4 வீதச் சலவைச் சோடாக் கரைசல், அதாவது ஒரு லீற்றர் தண்ணீருக்கு 40 கிராம், வாளிக்கும் செருப்புக்கும் நல்லது. மாட்டின் வாய்க்கு அல்ல.

அட்டாளைச்சேனை நானா
எல்லாப் பச்சிலையையும் தூக்கி எறியவும் வேண்டாம். புண்ணுக்குப் பூசுவது வேறு சங்கதி. இந்தியாவில் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் சொல்லிக்கொடுக்கும் முறை இது: நற்சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள் தலா 10 கிராம். முதல் மூன்றையும் அரை மணி ஊற வைத்து, மஞ்சளும் உள்ளி 4 பல்லும் சேர்த்து அரைத்து, சர்க்கரை 120 கிராமும் (வெல்லம், சீனி இல்லை) ஒரு தேங்காய்த் துருவலும் கலந்து, நாக்கிலும் அண்ணத்திலும் கையால் மெல்லத் தடவ வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தரம். வைரஸ் இதனால் சாகாது. மாடு வாயசைத்துக் கஞ்சி குடிக்கத் தொடங்கினால் அதுவே பெரிய காரியம்.

குளம்புக்கு குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதோன்றி ஒவ்வொரு கைப்பிடி, உள்ளி 10 பல், மஞ்சள் 20 கிராம். அரைத்து அரை லீற்றர் நல்லெண்ணெயில் காய்ச்சி, ஆறிய பிறகு, கழுவித் துடைத்த புண்ணில் விடுங்கள். இலையான் மொய்த்துப் புழு வைத்துவிட்டால் முதல் நாள் அன்னமுன்னா (சீத்தா) இலையை அரைத்து வைக்கலாம்.

கரடியனாற்றுப் பட்டி
நன்றி நானா, அண்ணா. சாறு நிறுத்திவிட்டோம். அலுவலகத்தில் நாளைக் காலை வருவதாகச் சொன்னார்கள். இருமிய பசு பரவாயில்லை. இப்போது எனக்குப் பயம் கன்றுகள்தான். ஒன்றுக்கு மூன்று வாரம்தான், தாய்க்கு வாயில் புண். ஊட்ட விடலாமா?

வெல்லாவெளி அண்ணன்
அந்தத் தாயின் பாலிலேயே வைரஸ் இருக்கும். இன்றைக்கே பிரித்துக் கட்டுங்கள். நோயில்லாத பசுவின் பாலைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுக்கலாம். சிறு கன்றில் இது இதயத் தசையைத் தாக்கும், வாயில் ஒரு புண்ணும் இல்லாமலே திடீரென்று விழுந்துவிடும். அதனால் துரத்த வேண்டாம், ஓடவிட வேண்டாம், நிழலில் கிடக்கட்டும். முதலில் கன்றுகளைப் பார்த்துவிட்டு அப்புறம் நோய் மாட்டிடம் போங்கள். அதே கையோடு, அதே உடுப்போடு திரும்பக் கன்றிடம் வராதீர்கள்.

வைத்தியரிடம் பக்கத்துப் பட்டிகளுக்கு ஊசி போடுவதைப் பற்றியும் கேளுங்கள். உங்கள் மாடுகளுக்கு இப்போது குத்தி என்ன பயன், அவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கரடியனாற்றுப் பட்டி
கன்றைக் கட்டிவிட்டேன். இரவு முழுக்கக் கத்தும் போலிருக்கிறது.