வெளிநாட்டில் ஆசிரியப் பணி: மாதாந்தர 'ஊழிய அறிக்கை'யில் நான் என்ன எழுதுவது?

கேள்வி: கரைதாண்டிய ஆசிரியை

கிறிஸ்துவுக்குள் அன்பான அனைவருக்கும் வணக்கம்.

நானும் என் கணவரும் இரண்டு ஆண்டுகளாக வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் ஆசிரியர்களாக இருக்கிறோம். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். அவர் கணிதம் எடுக்கிறார். பாதுகாப்புக் கருதி நாட்டின் பெயரை எழுதவில்லை, பொறுத்துக்கொள்ளவும். இங்கே தேவாலயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாரத்தின் முதல் வேலைநாள். பள்ளிக்குள்ளும் வெளியிலும் மதப் பிரசாரம் செய்யக் கூடாது என்று பணி ஒப்பந்தத்தில் தனிப் பத்தியே இருக்கிறது. அதை வாசித்து அறிந்துதான் இருவரும் கையொப்பமிட்டோம் என்பதால் அதுபற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலையில், எங்களைப் போலவே வேலைக்கு வந்திருக்கும் வேறு இரண்டு குடும்பங்களோடு எங்கள் குடியிருப்பில் கூடி, வேதம் வாசித்து ஜெபிக்கிறோம். தாழ்ந்த குரலில் பாடப் பழகிவிட்டோம். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தில் பங்குபெற்றுப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இவையெல்லாம் சுமைதான் என்றாலும் தாங்கக்கூடிய சுமை.

என்னைத் தூங்கவிடாமல் செய்வன வேறு இரண்டு. சென்ற மாதம் செய்முறை வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு, ஒரு மாணவி என் அருகே நின்று, "மிஸ், நீங்கள் எந்தக் கடவுளிடம் வேண்டிக்கொள்வீர்கள்?" என்று கேட்டாள். அவள் குரலில் குறும்போ சோதிக்கும் எண்ணமோ இல்லை. நான் சோதனைக் குழாயைக் கழுவுவதில் மும்முரமாக இருப்பதுபோல் நடித்துவிட்டு, "நாளைக்கு ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவர மறக்காதே" என்றேன். அன்றிரவு முழுவதும், இயேசுவை அறியேன் என்று மறுதலித்த பேதுருவும் அப்போது கூவிய சேவலும்தான் நினைவில் நின்றார்கள்.

இரண்டாவது, எங்கள் தாய்ச் சபை. புறப்படும்போது எங்களை முன்னே அழைத்து ஜெபித்து அனுப்பினார்கள். அந்த அன்பை மறக்க முடியாது. ஆனால் மாதந்தோறும் அறிக்கை கேட்கிறார்கள். எத்தனை பேரிடம் சுவிசேஷம் பகிர்ந்தீர்கள், எத்தனை பேர் ஆர்வம் காட்டினார்கள் என்று அதில் கட்டங்கள் இருக்கின்றன. ஜெபக் குறிப்புத் தாளில் எங்கள் படத்தைப் போட்டு, 'ஆசிரியர் என்ற போர்வையில் ஊழியம் செய்யும் தம்பதி' என்று அச்சிட்டிருந்தார்கள். அந்தப் 'போர்வை' என்ற சொல்லைப் படித்ததிலிருந்து, கரும்பலகை முன் நிற்கும்போதெல்லாம் நான் வேடம் போட்டிருப்பதுபோல் ஒரு கூச்சம் வருகிறது. எனக்கு வேதியியல் கற்பிக்கப் பிடிக்கும். அதற்காகத்தான் படித்தேன். இது ஊழியமா, வெறும் சம்பள வேலையா? கட்டங்களில் நான் எந்த எண்ணை எழுதுவது?

பதில் 1: ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

சகோதரி, மற்றவற்றுக்கு முன்னால் ஒரு காரியத்தை இன்றே செய்யுங்கள். அந்த ஜெபக் குறிப்புத் தாளிலிருந்தும், சபையின் முகநூல் பக்கத்தில் இருந்தால் அங்கிருந்தும், உங்கள் படத்தையும் அந்த வாசகத்தையும் எடுத்துவிடச் சொல்லிப் போதகருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். சபையில் உள்ள எவரும் தீங்கு நினைத்து இதைச் செய்வதில்லை. ஆனால் கோயில் வாசலில் கொடுக்கும் தாள் அன்று மாலையே கைப்பேசியில் படமாகி எங்கெல்லாமோ போய்விடுகிறது. உங்களுக்கு விசா கொடுத்த அலுவலகம் அதைப் பார்த்தால், நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசாமலேயே ஒப்பந்தத்தை மீறியவர்களாகிவிடுவீர்கள். உங்களோடு கூடும் அந்த இரண்டு குடும்பங்களுக்கும் அதே கதிதான்.

நான் ஐக்கிய அரபு அமீரகத்தில் நெடுங்காலம் பள்ளி ஆசிரியனாக இருந்தவன். உங்கள் நிலையை விட எங்கள் நிலை மிக வசதியானது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். துபாயில் ஊத் மேத்தாவிலும் ஜெபல் அலியிலும் ஆட்சியாளர்கள் கொடுத்த நிலத்தில் தேவாலயங்கள் இருக்கின்றன. வளாகத்துக்குள் நாங்கள் வாய்விட்டுப் பாடலாம். ஆனால் இஸ்லாமியரிடையே மதம் பரப்புவது அங்கும் சட்டப்படி குற்றம். 2022 ஜனவரி வரை வெள்ளியும் சனியும் வார விடுமுறை என்பதால், எங்கள் சபையின் பெரிய ஆராதனை வெள்ளிக்கிழமையில்தான் நடந்தது. அரசு அந்த ஆண்டுத் தொடக்கத்தில் விடுமுறையைச் சனி, ஞாயிறு என்று மாற்றி, வெள்ளியை அரை வேலைநாளாக்கியபோது, ஞாயிறு திரும்பக் கிடைத்ததே என்று மகிழ்ந்தோம். ஆனால் வெள்ளிக்கே பழகிப்போனவர்கள் எங்களில் பலர். முதல் சில வாரங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதோ தவறான நாளில் வந்து உட்கார்ந்திருப்பதுபோலவே எனக்கு இருந்தது. சவூதி அரேபியாவில் பணிபுரிந்த நண்பர்களுக்குத் தேவாலயமும் இல்லை, ஞாயிறும் இல்லை. 2013இல் அங்கே வியாழன், வெள்ளி விடுமுறை வெள்ளி, சனி என்று நகர்ந்தபோது அவர்கள் வீட்டுக் கூடுகையும் கூடவே நகர்ந்தது. ஆகவே வெள்ளிக்கிழமைக் கூடுகையைப் பற்றி மனம் வருந்த வேண்டாம்.

திருவிருந்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. உங்கள் சபைப் பிரிவில் குருவானவர் இல்லாமல் அதை நடத்த இயலாது என்றால், நீங்களாகவே ஓர் ஏற்பாடு செய்துகொள்ளாமல் ஆயரிடம் எழுதிக் கேளுங்கள். விடுமுறையில் பக்கத்து நாட்டுக்குப் போய் பங்குபெற்றுத் திரும்பும் குடும்பங்களை நான் அறிவேன். பதினான்கு மாதம் நீண்ட காலம்.

பதில் 2: மலைநாட்டு ஆங்கிலம்

அக்கா, நான் நேபாளத்தில் நான்கு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தேன். நான் இருந்த காலத்தில் அங்கே சனிக்கிழமைதான் வார விடுமுறை, சபைகளும் சனிக்கிழமையிலேயே கூடின. கிறிஸ்தவராக வாழ்வதற்குத் தடையில்லை. ஆனால் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தொகுப்பின்படி, ஒருவரை மதம் மாற்றினாலோ மாற்ற முயன்றாலோ ஐந்து ஆண்டுவரை சிறையும் ஐம்பதாயிரம் நேபாள ரூபாய்வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்ததும் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். அந்தச் சட்டம் சரியா என்பது வேறு விவாதம். ஆசிரியர் என்று சொல்லி விசா வாங்கியவர் ஆசிரியராகவே இருக்க வேண்டும் என்பதுதான் நான் அங்கே கற்றுக்கொண்டது. 'போர்வை' என்று எழுதியவர்களுக்கு, பாடம் நடத்தத் தெரியாத ஒருவரிடம் ஓராண்டு படித்து வீணான பிள்ளைகளைக் காட்ட வேண்டும். அப்படி ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர், நன்றாக ஜெபிப்பார், பாடத்துக்குத் தயாரிப்பே இல்லாமல் வகுப்புக்குள் வருவார். பிள்ளைகள் அவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பதில் 3: தீவட்டி

மேலே எழுதியவர்கள் அனுபவசாலிகள். ஆயினும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே முறை என்று அப்போஸ்தலர் சொன்னது, தங்களை விசாரித்த யூத ஆலோசனைச் சங்கத்தின் முன்னால் நின்று; பாதுகாப்பான இடத்திலிருந்து அல்ல. ஒரு பிள்ளை தானாக வந்து கேட்கிறது, ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்றால், அதை விவேகம் என்று எப்படிச் சொல்வது? 1876இல் ஜப்பானில் சப்போரோ வேளாண் கல்லூரிக்குப் போன அமெரிக்கர் வில்லியம் கிளார்க், அரசாங்கம் சம்பளம் கொடுத்து அழைத்த ஆசிரியர்தான். அவர் சுமார் எட்டு மாதம்தான் அங்கிருந்தார். அதற்குள் மாணவர்களுக்கு வேதாகமத்தைக் கொடுத்தார், அவர்கள் விசுவாச உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டார்கள், அதிலிருந்து ஜப்பானின் பெரிய கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் தோன்றினார்கள். அவர் கட்டங்களை நிரப்பத் தயங்கியிருப்பாரா?

பதில் 4: வடதீவில் ஒரு வகுப்பறை

சகோதரர் தீவட்டி அவர்களுக்கு: கிளார்க்கின் வரலாற்றை நானும் மதிக்கிறேன், ஜப்பானில் ஏழு ஆண்டுகளாகக் கற்பித்து வருவதால் அதை அடிக்கடி கேட்கவும் நேர்கிறது. ஆனால் அந்தக் கதையை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். நீங்கள் குறிப்பிட்ட சிந்தனையாளர்களில் முதன்மையான உச்சிமுரா கான்சோ, கிளார்க்கை மாணவராகச் சந்திக்கவே இல்லை. அவர் 1877இல் கல்லூரிக்கு வந்தபோது கிளார்க் நாடு திரும்பிவிட்டார். மேல்வகுப்பு மாணவர்கள் நெருக்கியதால், விருப்பமில்லாமலேதான் அந்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டதாக அவரே பின்னாளில் எழுதினார். பிறகு அவர் உறுதியான விசுவாசியானார் என்பது உண்மை. ஆனாலும் ஓர் ஆசிரியனாக எனக்கு அந்தக் கையொப்பம் முள்ளாகக் குத்துகிறது. மதிப்பெண் போடும் கையும் சான்றிதழ் எழுதும் கையும் உடைய ஒருவர் ஒரு பிள்ளையிடம் "நீ என்ன நம்புகிறாய்?" என்று கேட்டால், அந்தப் பிள்ளையின் பதில் எவ்வளவு சுதந்திரமானது? இன்றைய ஜப்பானில் அரசுப் பள்ளிகள் எந்தக் குறிப்பிட்ட மதத்துக்காகவும் சமயக் கல்வி அளிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் நான் வகுப்பறையில் பிரசங்கிக்க மாட்டேன்.

அதே உச்சிமுரா ஆசிரியரான பிறகு 1891இல், பேரரசரின் கல்வி ஆணைக்கு மரியாதை செய்யும் சடங்கில் போதிய அளவு தலை வணங்கவில்லை என்பதற்காகப் பெரும் கண்டனத்துக்கு ஆளாகி வேலையை இழந்தார். தன் மனச்சாட்சிக்காகத் தன் வேலையைக் கொடுப்பதும், தன் பதவியைக் கொண்டு பிறர் மனச்சாட்சியை அழுத்துவதும் வேறு வேறு. நீங்கள் சுட்டிய அப்போஸ்தலர்களிடம் சிறைக்குப் போகும் துணிவு இருந்தது. பிள்ளைகளைத் தேர்வில் வைக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

சகோதரிக்கு: ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல் ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்ததற்காகவே நம் கூட்டங்களில் நினைவுகூரப்படுகிறார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிறன்று வந்ததால் அதை விட்டுவிட்டு, நானூறு மீட்டரில் தங்கம் வென்றார். மறு ஆண்டே சீனாவின் தியான்ஜினில் ஒரு கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார் என்பதையும், 1943இல் ஜப்பானியப் படையின் வெய்சியென் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டு அங்கும் பிள்ளைகளுக்குக் கற்பித்தார் என்பதையும் குறைவாகவே பேசுகிறோம். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு வேண்டாம் என்றுதான் அவர் அங்கும் இருந்தார். ஆனால் கட்டுப்படுத்த ஆளில்லாமல் ஆடிய இளைஞர்கள் அடித்துக்கொண்டபோது, அடுத்த ஞாயிறு அவரே நடுவராக மைதானத்தில் இறங்கினார். தனக்கான விரதத்தில் தளராதவர், பிள்ளைகளுக்காக அதைத் தளர்த்தினார். 1945 பிப்ரவரியில் அந்த முகாமிலேயே இறந்தார். அவருடைய அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எந்த எண்ணை எழுதுவது?

அந்த மாணவிக்குச் சொல்ல வேண்டிய பதில், என் எண்ணத்தில், இரண்டு வாக்கியங்களுக்கு மேல் போகத் தேவையில்லை. "நான் கிறிஸ்தவள். அதைப் பற்றிப் பள்ளியில் பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் இதற்கு மேல் சொல்ல முடியாது." முதல் வாக்கியத்தில் மறுதலிப்பு இல்லை, இரண்டாவதில் பிரசாரம் இல்லை. வாக்கைக் காப்பாற்றும் ஒருவர் என்பது அவளுக்குப் புரியும். உங்கள் நாட்டுச் சட்டத்தில் முதல் வாக்கியமே ஆபத்தானது என்றால் அதையும் விட்டுவிடுங்கள். அதை நீங்கள்தான் அறிவீர்கள், நாங்கள் அல்ல.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: கரைதாண்டிய ஆசிரியை

எழுதிய அனைவருக்கும் நன்றி, கண்டித்து எழுதிய சகோதரருக்கும் சேர்த்து. முகத்தைத் திருப்பிக்கொண்டது தவறு என்று அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. திருப்பிக்கொண்டது சட்டத்துக்குப் பயந்து என்பதைவிட, அந்த நேரத்தில் என்ன சொல்வதென்று ஆயத்தமாக இல்லாததால்தான்.

போதகரிடம் பேசிவிட்டேன். படத்தை எடுத்துவிட்டார்கள், அவர் வருத்தப்பட்டார், அது மனத்துக்கு ஆறுதலாக இருந்தது. அறிக்கைப் படிவத்தை மட்டும் கைவிட அவருக்கு விருப்பமில்லை, செயற்குழுவில் கேட்பார்களாம். ஆகவே இந்த மாதம் கட்டங்களை வெறுமையாக விட்டு, அடியில் என் கணவர் இப்படி எழுதினார்: 'பதினோராம் வகுப்பில் ஆறு பேருக்குப் பின்னக் கணக்கே தெரியவில்லை, பள்ளி முடிந்த பின் வாரத்தில் மூன்று நாள் அவர்களோடு உட்காருகிறேன். பொறுமைக்காக ஜெபியுங்கள்.' குழு இதை ஏற்குமா என்று தெரியாது. சபை அனுப்பும் சிறு தொகையை இனி அனுப்ப வேண்டாம் என்றும் எழுதிவிட்டோம், எங்கள் சம்பளம் எங்களுக்குப் போதும். கூடாரம் தைத்துப் பிழைத்த பவுலையும் ஆக்கில்லாவையும் பிரிஸ்கில்லாவையும் என் கணவர் உதாரணமாகச் சொல்லிக்கொண்டார்.

அந்த மாணவி மறுபடி கேட்கவில்லை. ரெக்கார்டு நோட்டை மறுநாளே கொண்டுவந்தாள். இரண்டு சமன்பாடுகள் சமப்படாமல் இருந்தன, உட்கார வைத்துத் திருத்தினோம். அவள் கேட்டால் சொல்லும் இரண்டு வாக்கியங்களையும் இப்போது மனத்தில் வைத்திருக்கிறேன்.

வாத்தியார் ஐயா சொன்னபடி அடுத்த விடுமுறையில் பக்கத்து நாட்டுக்குப் போய் திருவிருந்தில் பங்குபெற முடிவு செய்திருக்கிறோம். நாடு எது என்று இங்கே எழுத இயலாது. அப்படிப் பயணம் செய்த குடும்பங்களின் ஏற்பாட்டைப் பற்றி ஐயா தனிச்செய்தியில் எழுதினால் உதவியாக இருக்கும்.