ஓவே கெடே தரங்கம்பாடிக்கு அப்புறம் என்ன ஆனாரு?

கடலோரக்காத்து: தரங்கம்பாடி கோட்டைய கட்ட ஆரம்பிச்சது ஓவே கெடேன்னு ஒரு டென்மார்க் பிரபுன்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு, 1620ல தஞ்சாவூர் ராஜா ரகுநாத நாயக்கர் கூட ஒப்பந்தம் போட்டாரு, சரி. அதோட கதை நின்னுடுது. இங்கயே கவர்னரா இருந்தாரா, இல்ல ஊருக்கு போயிட்டாரா?

பொறையாறு பையன்: இருக்கல ப்ரோ. 1622லயே ஊர் போய் சேந்துட்டாரு. அவர் வந்ததே தரங்கம்பாடிக்காக இல்ல, இலங்கைக்கு. போஷவர்னு ஒரு டச்சுக்காரர் கண்டி ராஜாவோட தூதர்னு சொல்லி டென்மார்க் ராஜா நாலாம் கிறிஸ்டியன நம்ப வச்சு 1618ல கப்பல கிளப்ப வச்சாரு, அந்த போஷவர் வழியிலயே செத்துட்டாரு, இங்க வந்து பாத்தா கண்டி ராஜா அந்த ஒப்பந்தத்த ஏத்துக்கவே இல்ல. கிளம்பும்போது கெடேக்கு 23 வயசு தான், பாவம்.

பழங்கணக்கு: கோட்டை கிரெடிட்ட முழுசா கெடேக்கு குடுக்காதீங்க. முன்னாடியே வந்த, டென்மார்க்குக்கு வேலை பாத்த டச்சு கேப்டன் ரோலண்ட் கிராப்போட கப்பல போர்த்துகீசியர் அடிச்சு காலி பண்ணாங்க, அவர் தப்பிச்சு நாயக்கர் கிட்ட போய் பேசி வச்சதால தான் வேலை நடந்துச்சு. கெடே போனப்புறம் இங்க பொறுப்புல இருந்து இழுத்துட்டு போனவரும் அவர்தான்.
கெடேயோட நிஜ கேரியர் நார்வேல. அப்ப நார்வே டென்மார்க் ராஜா கைல. அங்க லென்ஸ்மன் வேலை, அதாவது ராஜா பேர்ல ஒரு வட்டாரத்துல வரி வசூல், நிர்வாகம் எல்லாம் பாக்கறது, நம்ம பழைய காலத்து கலெக்டர்னு வச்சுக்கோங்க. 1623ல காங்ஸ்பெர்க் பக்கம் வெள்ளி கிடைச்சுது, அந்த சுரங்க நிர்வாகத்துலயும் இவர் இருந்தாரு. 1645ல டென்மார்க்கோட கடற்படைத் தலைவர் பதவி.

கடலோரக்காத்து: அட, செம. கடைசில?

பழங்கணக்கு: கடைசி காலம் கஷ்டம். 1658ல டென்மார்க் தோத்து ஸ்கோனே பகுதிய ஸ்வீடனுக்கு எழுதிக் குடுத்துச்சு, இவர் பொறந்த ஊரும் அதுல தான். ஸ்வீடன்காரங்க இவரையும் புடிச்சு உள்ள போட்டாங்க, வெளிய வந்து கொஞ்ச நாள்ல, 1660ல, செத்துட்டாரு.

பொறையாறு பையன்: ஒண்ணு விட்டுட்டீங்க, 1657ல நார்வேல உலெஃபோஸ் இரும்பாலைய ஆரம்பிச்சவங்கள்ல இவரும் ஒருத்தர். தரங்கம்பாடிய 1845ல பிரிட்டிஷ்காரன் கிட்ட வித்துட்டாங்க, இரும்புக் கம்பெனி பேரு மட்டும் நம்ம காலம் வரைக்கும் ஓடுது.