‘நான்’ என்று ஒருவர் உள்ளே இருக்கிறாரா, அனுபவங்களின் தொடர் மட்டும்தானா?

தெளிநீர்:
ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1739-இல் எழுதியதிலிருந்து தொடங்குகிறேன். தனக்குள் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் சூடு, குளிர், வலி, விருப்பு, வெறுப்பு என்று ஏதாவது ஓர் அனுபவம்தான் தட்டுப்படுகிறது, அதற்குச் சொந்தக்காரரான ‘நான்’ அகப்படுவதே இல்லை என்றார் அவர். பௌத்தம் இதை அவருக்கு வெகுகாலம் முன்பே சொல்லிவிட்டது. சக்கரம், அச்சு, நுகம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டால் தேர் எங்கே என்று மிலிந்த மன்னனிடம் கேட்டார் பௌத்தத் துறவி நாகசேனர். மணிமேகலை பட்டியலிடும் ஐந்து கந்தங்களும், அதாவது ஒரு மனிதரை ஆக்கும் ஐந்து தொகுதிகளும், அதுதான்: உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு. இவற்றைத் தாண்டி ஆறாவதாக ஓர் உரிமையாளர் தேவையே இல்லை என்பது என் நிலை. தேவை என்பவர்கள், எதற்காகத் தேவை என்று காட்டுங்கள்.

பழையவாசகன்:
காட்டுகிறேன். ஒரு பழத்தைக் கண்ணால் பார்க்கிறேன், பிறகு கையால் தொடுகிறேன். ‘நான் பார்த்ததைத்தான் இப்போது தொடுகிறேன்’ என்று எனக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தொடுகை தெரியாது, தோலுக்கு நிறம் தெரியாது. இரண்டையும் ஒன்று சேர்த்து அறிகிற ஒருவர் இல்லாமல் அந்த அறிவு பிறக்காது. நியாயம் என்ற பழைய இந்தியத் தர்க்க மரபின் மூல நூலான நியாய சூத்திரத்தின் வாதம் இது. நினைவுக்கும் இதே கணக்குத்தான். நேற்று ஒருவர் சுவைத்ததற்கு இன்று இன்னொருவருக்கு ஆசை வருவதில்லை.

சைவ சித்தாந்தி மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தை முழுக்க இந்தக் கேள்விக்கே ஒதுக்கினார். உடலா, புலனா, மூச்சா என்று ஒவ்வொன்றாக ‘இது இல்லை, இது இல்லை’ எனத் தள்ளிக்கொண்டே போகிறீர்களே, அப்படித் தள்ளுகிற அறிவு ஒன்று அங்கே நிற்கிறது அல்லவா? அதுதான் உயிர் என்கிறார். நீங்கள் ஹியூமை முன்னிறுத்தியதால் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டே, 1740-இல், தன் நூலுக்குச் சேர்த்த பின்னிணைப்பில், சிதறிய அனுபவங்களை ஒன்றாகக் கட்டுவது எது என்று தன்னால் விளக்க முடியவில்லை என்று அவரே எழுதினார். ஹியூமை முன்னிறுத்துகிறவர்கள் பலர் அந்தப் பக்கத்தை மேற்கோள் காட்டுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

தெளிநீர்:
ஹியூமின் நேர்மையை நானும் மதிக்கிறேன். ஆனால் அவருக்குக் கிடைக்காத சான்றுகள் இன்று நமக்கு இருக்கின்றன. கடுமையான வலிப்புக்குச் சிகிச்சையாக, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பட்டை சிலருக்கு வெட்டப்பட்டது. அவர்களை ஆராய்ந்ததற்காக ரோஜர் ஸ்பெர்ரி 1981-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மாணவர் மைக்கேல் கஸானிகா செய்த ஒரு சோதனையைப் பாருங்கள். அப்படிப்பட்ட ஒருவருடைய இடது மூளைக்குக் கோழிக்கால் படமும், வலது மூளைக்குப் பனி மூடிய காட்சியும் காட்டப்பட்டன. பொருத்தமான படத்தை எடுக்கச் சொன்னதும் வலது கை கோழியை எடுத்தது, வலது மூளைக்குக் கட்டுப்பட்ட இடது கை பனி அள்ளும் மண்வாரியை எடுத்தது. ஏன் என்று கேட்டபோது, பேசுவது இடது மூளைதானே, அதற்குப் பனி தெரியாது. ஆனாலும் தயங்காமல் ‘கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே’ என்றார் அவர்.

நீங்கள் சொல்லும் ‘ஒன்று சேர்த்து அறிகிறவர்’ இப்படித்தான் உருவாகிறார். நடந்து முடிந்த பிறகு மூளை சொல்லிக்கொள்ளும் கதை அவர். என் நினைவு உங்களுக்கு வராததற்கும் ஆத்மா காரணம் இல்லை. என் அனுபவம் பதித்த தடம் என் மூளையில் இருக்கிறது, உங்கள் மூளையில் இல்லை. காரண காரியத் தொடர்ச்சி போதும்.

அகல்:
இரண்டு பேரும் நினைவைப் பிடித்துக்கொண்டே பேசுகிறீர்கள். என் அப்பாவுக்கு மறதி நோய், பார்த்துக்கொள்வது நான். என் பெயர் அவருக்கு நினைவில்லை. ஆனால் யார் அறைக்குள் வந்தாலும் முதலில் அவர்களை உட்காரச் சொல்வார். எனக்கு அவர் அதே மனிதர்தான், அதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

இது என் பாசம் மட்டும் இல்லை. 2015-இல் நீனா ஸ்ட்ரோமிங்கரும் ஷான் நிக்கோல்ஸும் வெளியிட்ட ஆய்வில், மூளை, நரம்பு நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களிடம் ‘இவர் இன்னும் பழைய ஆள்தானா’ என்ற கேள்வியை வைத்தார்கள். நினைவு போனதைவிட, அன்பு, நேர்மை, இரக்கம் போன்ற குணங்கள் மாறியபோதுதான் ‘இவர் வேறு யாரோ’ என்ற உணர்வு அதிகமாக வந்தது. ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக், ஒருவர் அதே ஆள்தானா என்பதற்கு நினைவைத்தான் அளவுகோலாக வைத்தார். 1953-இல் அறுவை சிகிச்சைக்குப் பின் புதிதாக நடப்பவற்றை நினைவில் வைத்துக்கொள்ள முடியாமல் போன ஹென்றி மோலேசன் 2008 வரை வாழ்ந்தார். அத்தனை ஆண்டுகளும் அங்கே யாரும் இல்லை என்று சொல்வோமா?

பழையவாசகன்:
அகல், உங்கள் அப்பா அதே மனிதர் என்பதில் நான் உங்கள் பக்கம். ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் ஆபத்தானது. குணம்தான் ஆள் என்றால், நாளைக்கே நோய் முற்றி அவர் கோபக்காரர் ஆகிவிட்டால் என்ன சொல்வீர்கள்? அப்போதும் அவர் உங்கள் அப்பா இல்லையா? கொடுமை செய்த ஒருவர் திருந்திவிட்டால், பழைய குற்றம் வேறு யாருடையதோ ஆகிவிடுமா? குணமும் நினைவும் வந்து போகட்டும், அவற்றை உடையவர் நிற்கிறார் என்று சொன்னால்தான் இந்தச் சிக்கலில் இருந்து வெளியே வர முடியும்.

வழிப்போக்கன்:
ஒரு சின்னக் குறுக்கீடு. வலி வரும்போது ‘இங்கே ஒரு வலி இருக்கிறது, யாருடையது என்று விசாரிப்போம்’ என்று யாரும் யோசிப்பதில்லை. அது எனக்கு வலிப்பதாகவேதான் வருகிறது. டான் ஸஹாவி போன்ற தத்துவ அறிஞர்கள் வற்புறுத்துவது இதைத்தான். ‘எனக்கு’ என்பது அனுபவத்திலேயே ஊறியிருக்கிறது. அதற்குப் பின்னால் ஓர் உரிமையாளரை நிறுத்தவும் வேண்டாம், அதைக் கதை என்று ஒதுக்கவும் வேண்டாம்.

தெளிநீர்:
வழிப்போக்கன் சொல்வதில் பாதியை ஏற்கலாம். அந்த ‘எனக்கு’ ஒரு கணத்து வலிக்குப் பொருந்தும். நேற்றைய வலியையும் இன்றைய வலியையும் ஒருவருடையதாக ஆக்க அது போதாது.

பழையவாசகனுக்கு: உங்கள் அணியே ஒன்றுபட்டு இல்லை. கனவில்லாத தூக்கத்தில் அறிவு இருக்கிறதா? அத்வைதிகள், எல்லாவற்றையும் வெறுமனே பார்த்து நிற்கும் சாட்சியாக இருக்கிறது என்பார்கள். நியாயத்தார் இல்லை என்பார்கள். அவர்களுக்கு அறிவு என்பது ஆத்மாவில் வந்து போகும் ஒரு குணம், முக்தியில் அதுவும் கிடையாது. அறிவும் இல்லை, நினைவும் இல்லை, குணமும் இல்லை என்றால், அந்த உடையவர் தொடர்ந்தாலும் தொடராவிட்டாலும் யாருக்கு என்ன வேறுபாடு? ஆங்கிலேயத் தத்துவஞானி டெரெக் பார்ஃபிட் 1984-இல் துணிந்து சொன்னது இதைத்தான்: நாளைக்கு இருப்பவர் ‘அதே நானா’ என்பது முக்கியமான கேள்வியே இல்லை, மனத்தின் தொடர்ச்சிதான் முக்கியம். அது புரிந்த பின் மரண பயம் குறைந்தது என்றும், பிறர் தனக்கு நெருக்கமானார்கள் என்றும் எழுதினார். எனக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

பழையவாசகன்:
அந்த ஆறுதலுக்கு ராமானுஜர் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். ‘நான்’ என்பதே அழிந்துபோவதுதான் விடுதலை என்றால், அந்தப் பேச்சு எடுத்த உடனேயே மனிதர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்கிறார் அவர். ‘நான்’ என்று உணர்வதுதான் ஆத்மா, விடுதலையிலும் அது உண்டு என்பது அவர் நிலை. ஆகவே நியாயத்தின் முக்தியை எனக்கு எதிராக நிறுத்த வேண்டாம், அதை நான் ஏற்கவில்லை. அவர்களிடம் இருந்து நான் எடுத்துக்கொள்வது பார்த்தவரும் தொட்டவரும் ஒருவரே என்ற வாதத்தை மட்டும். அதற்கு இரண்டாகப் பிளந்த மூளை பதில் ஆகாது. பிளக்காத மூளையில் ஒருமை எப்படி வருகிறது என்பதுதான் என் கேள்வி.

அகல்:
ஒரு நடைமுறைக் கேள்வி கேட்கிறேன். நோய் வருவதற்கு முன் ஒருவர் ‘நினைவு முழுக்கப் போன பிறகு எனக்கு எதுவந்தாலும் சிகிச்சை வேண்டாம், விட்டுவிடுங்கள்’ என்று எழுதி வைக்கிறார். இப்போது நினைவு இல்லை, ஆனால் பாட்டுக் கேட்கிறார், சிரிக்கிறார். நிமோனியா வருகிறது. யார் சொல்லைக் கேட்பது? சட்டத் தத்துவ அறிஞர் ரொனால்ட் டுவோர்கின் 1993-இல் முன்பு எழுதியதுதான் செல்லும் என்றார். சட்டப் பேராசிரியர் ரெபெக்கா டிரெஸ்ஸர் அதை மறுத்து, இப்போது இருப்பவரின் நலனைப் பார்க்க வேண்டும் என்றார்.

பழையவாசகன்:
எழுதியவரும் இப்போது சிரிப்பவரும் ஒருவரே. அதனால் அந்தக் கடிதம் அவருடைய சொந்தச் சொல். மீறுவது எளிதல்ல.

தெளிநீர்:
இரண்டு நிலைகளுக்கும் இடையே மனத்தொடர்ச்சி அவ்வளவு மெலிந்துவிட்டபோது, பழையவர் புதியவருக்காக முடிவு எடுக்க உரிமை இல்லை. நான் மருந்து கொடுக்கச் சொல்வேன்.

அகல்:
நானும் கொடுப்பேன், ஆனால் உங்கள் காரணத்துக்காக இல்லை. அங்கே இருப்பது புது ஆள் என்று நான் நினைக்கவில்லை. அதே மனிதர் மனம் மாறியிருக்கிறார். மனம் மாறுகிற உரிமை எல்லோருக்கும் உண்டு, அதைச் சொல்ல அவருக்கு வார்த்தை இல்லை, அவ்வளவுதான்.

தெளிநீர்:
மனம் மாறியிருக்கிறார் என்றால், முன்பு எழுதியது என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் எப்படி மாற்றிக்கொள்ள முடியும்? இதற்குப் பதில் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.