உதவி: குரூஸ் கப்பலில் வைன் விலை – நாலு பேர், நாலு இரவு, பில்லை எப்படிக் குறைப்பது?

ஹட்டன்_மழை
வணக்கம். நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி பினாங்கு, புகெட் போய்த் திரும்பும் நாலு இரவுக் குரூஸ் ஒன்றுக்கு புக் பண்ணியிருக்கோம். ரொயல் கரீபியன் கப்பல். நானும் மனைவியும் ஒரு கெபின், தங்கச்சியும் மச்சானும் இன்னொரு கெபின். டிக்கெட் விலை கட்டுப்படியாகுது. மெனுவைப் பார்த்தாதான் தலை சுத்துது. ஒரு கிளாஸ் வைன் 12 டொலர், அதுக்கு மேல 18% சேர்விஸ் சார்ஜாம்.

இராச்சாப்பாட்டோட ஆளுக்கு ஒரு கிளாஸ், அதுக்கு மேல எங்களுக்கு வேணாம். கிளாஸா வாங்குறதா, போத்தலா வாங்குறதா? வெளியிலிருந்து கொண்டு போக விடுவாங்களா? அம்மா கிறிஸ்மஸுக்குப் போடுற இஞ்சி வைன்ல ரெண்டு போத்தல் கொண்டு போகலாமான்னு தங்கச்சி கேக்குது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதுளை_பார்மேன்
முதல்ல தேவையைக் கணக்குப் பண்ணுங்க தம்பி. நாலு பேர், நாலு இரவு, மொத்தம் 16 கிளாஸ். 12 டொலர் கிளாஸ் 18% சேர்ந்து 14.16. பதினாறுக்கு 226.56 டொலர். அமெரிக்க டொலரை 300 ரூபான்னு வச்சா 67,968 ரூபா. எதையும் யோசிக்காம மேசையில உக்காந்து ஓடர் பண்ணினா வர்ற பில் இது.

ஆக நட்டம் கிளாஸா வாங்குறதுலதான். போத்தலைத் திறந்துட்டா ரெண்டு மூணு நாள்ல வைன் சுவை கெட்டுடும். விக்காம மிஞ்சினதைக் கொட்டணும். அந்த நட்டத்தையும் கிளாஸ் விலையிலயே ஏத்தி வச்சிருப்பாங்க. முதல் கிளாஸ் வித்த காசிலேயே போத்தலோட கொள்முதல் விலை திரும்பி வந்துடணும், இதுதான் பார் நடத்துறவங்க போடுற கணக்கு.

இப்போ போத்தலைப் பாருங்க. மெனுவுல 45 டொலர்னு வச்சுக்குவோம். 18% சேர்ந்து 53.10. 750 மில்லி போத்தல்ல 150 மில்லி கிளாஸ் அஞ்சு வரும், அப்போ ஒரு கிளாஸ் 10.62. மூணு போத்தல் எடுத்தா 159.30 டொலருக்கு 15 கிளாஸ். ஒரே இரவுல முடிக்கணும்னு கட்டாயம் இல்ல. மிச்சத்தை மூடி, கெபின் நம்பர் எழுதி வைக்கச் சொல்லுங்க. அடுத்த நாள் இராச்சாப்பாட்டுக்கு மேசைக்குக் கொண்டு வந்து தருவாங்க.

ஒரு இடத்துல ஏமாந்துடாதீங்க. சில கப்பல் மெனுவுல ஒரே வைனுக்கு சின்ன கிளாஸ், பெரிய கிளாஸ்னு ரெண்டு விலை இருக்கும். 6 அவுன்ஸ்னா 177 மில்லி, 9 அவுன்ஸ்னா 266 மில்லி. விலையை மில்லியால பிரிச்சுப் பார்த்தாதான் எது மலிவுன்னு தெரியும். 150 மில்லி 12 டொலர்னா ஒரு மில்லிக்கு 8 சதம். 45 டொலர் போத்தல்ல ஒரு மில்லிக்கு 6 சதம்.

பண்டாரவளை_சுமதி
பார்மேன் அண்ணன் சொன்னது கப்பல்ல வாங்குற கணக்கு. உங்களுக்கு அதுவே தேவைப்படாது. ரொயல் கரீபியன்ல குடிக்கிற வயசு வந்த ஆளுக்கு ஒரு 750 மில்லி வைன் போத்தல் கொண்டு போகலாம். நாலு பேருக்கு நாலு போத்தல், இருபது கிளாஸ். உங்க தேவை பதினாறுதான்.

ஆனா நிபந்தனைகளைச் சரியாப் பிடிச்சுக்கணும். கப்பல் ஏறுற முதல் நாள் மட்டும்தான் இந்தச் சலுகை. போத்தல் கையில கொண்டு போற பைக்குள்ள இருக்கணும். டெர்மினல்ல ஒப்படைக்கிற பெரிய பெட்டிக்குள்ள வச்சா எக்ஸ்ரேயில தெரியும், பெட்டியை நிறுத்தி வச்சுடுவாங்க. எல்லா உடுப்பும் அதுக்குள்ள இருக்க, முதல் நாள் பின்னேரம் கெபின்ல மாத்துத் துணியில்லாம நிக்க வேண்டி வரும். அளவு 750 மில்லிக்கு மேல போகக் கூடாது, 1 லீற்றர் போத்தலை எடுத்துக்குவாங்க. கம்பனி சீல் உடையாம இருக்கணும். வைன், ஷெம்பேன் மட்டும்தான், அரக்கு விஸ்கி எதுவும் ஆகாது.

அதனால அம்மாவோட இஞ்சி வைனுக்கு வழியில்ல தம்பி. லேபிள் இல்லாத, வீட்டுல மூடின போத்தலைப் பார்த்ததும் வாங்கி வச்சுடுவாங்க. அவ்வளவு பாடுபட்டுப் போட்டதைக் கப்பல் வாசல்ல பறிகொடுக்காதீங்க, அதை டிசம்பருக்கே வச்சிருங்க.

நானுஓயா77
இவ்வளவு எதுக்கு? வாய் கொப்பளிக்கிற மருந்துப் போத்தலைக் காலி பண்ணி, அதுல ஊத்திப் பெட்டிக்குள்ள வச்சா முடிஞ்சது.

பதுளை_பார்மேன்
அது வேணாம் தம்பி. ஸ்கேனர்ல உக்காந்திருக்கவங்களுக்கு இது பழகின விசயம். பிடிபட்டா சரக்கும் போகும், பெட்டியும் தாமதமாகும். ஒளிச்சுக் கொண்டு வர்றவங்களை ஏத்தாம விடுற உரிமையையும் கம்பனிகள் விதியிலயே எழுதி வச்சிருக்கு. நேர் வழியில நாலு போத்தல் கொண்டு போக முடியும்போது இந்த வேலை எதுக்கு?

ஹட்டன்_மழை
நன்றி அக்கா, அண்ணே. தங்கச்சி முகம் வாடிப்போச்சு, ஆனா காரணம் விளங்கிருச்சு. இன்னும் ரெண்டு கேள்வி. அந்த நாலு போத்தலை எங்க வாங்குறது? ஹட்டன்ல வைன் ஸ்டோர்ஸ்லயே வாங்கிட்டுப் போகவா? அடுத்தது, டிரிங்க்ஸ் பெக்கேஜ் (நாளுக்கு ஒரு தொகை கட்டிட்டு வேண்டிய அளவு குடிக்கிறது) எடுத்தா லாபம்னு கம்பனி மெயில் மேல மெயில் அனுப்புது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 டொலர்னு காட்டுது.

லிந்துலைக்காரன்
பெக்கேஜ் உங்களுக்குச் சரிவராது. 70 டொலருக்கும் 18% உண்டு, 82.60 ஆகுது. நாலு இரவுக்கு ஆளுக்கு 330.40. அதை 14.16ஆல பிரிச்சுப் பாருங்க. ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ் குடிச்சாத்தான் போட்ட காசு திரும்பும். பினாங்குலயும் புகெட்லயும் பகல் முழுக்கக் கரையில சுத்துவீங்க, அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் காசு. அதோட ஒரு கெபின்ல ஒருத்தர் எடுத்தா மத்தவரும் எடுக்கணும், உங்க மனைவி ஒரு வாய் குடிக்காட்டியும். கெபினுக்கு 660.80 டொலர். இன்னொரு விசயம், இந்தப் பெக்கேஜ்ல கிளாஸுக்கு விலை வரம்பு உண்டு. நல்ல வைன் கேட்டா வரம்புக்கு மேலான காசை வேறா வாங்குவாங்க. முழுப் போத்தல் பெக்கேஜ்ல வராது, விலையில ஒரு கழிவுதான் கிடைக்கும்.

காலையில கோப்பி, மத்தியானம் பியர், பின்னேரம் கொக்டெய்ல், இராவைக்கு வைன்னு குடிக்கிறவங்களுக்குத்தான் அது பொருந்தும்.

பண்டாரவளை_சுமதி
வாங்குற இடம்: ஹட்டன்ல வேணாம். இங்க வைனுக்கு வரி கூட, கட்டுநாயக்க வரைக்கும் மலைப்பாதையில குலுங்கிப் போற கண்ணாடிப் போத்தலைச் சுமக்கிற பாடும் வேற. சாங்கி எயார்போர்ட்ல இறங்கி, சாமான் எடுக்கிற இடத்துலயே டியூட்டி ப்ரீ கடை இருக்கு. சிங்கப்பூர்ல 18 வயசுக்கு மேல ஆளுக்கு 2 லீற்றர் வைன் வரைக்கும் வரியில்லாம கொண்டு போகலாம். வேற மதுபானம் எடுத்தா அந்த அளவு மாறும். நீங்க ஆளுக்கு ஒரு போத்தல்தானே, தாராளமாப் போதும். 48 மணித்தியாலமாவது சிங்கப்பூருக்கு வெளிய இருந்திருக்கணும், மலேசியாவிலிருந்து வரக் கூடாது. கொழும்பிலிருந்து நேரா வர்ற உங்களுக்கு ரெண்டும் பிரச்சினையில்ல.

எயார்போர்ட்டை விட்டு வெளிய வந்துட்டு ஊருக்குள்ள வாங்கலாம்னு விட்டுடாதீங்க. சிங்கப்பூர்ல தூய அற்ககோல் ஒரு லீற்றருக்கு 88 சிங்கப்பூர் டொலர் தீர்வை. 13.5% வைன் 750 மில்லிக்கு அதுவே 8.91 ஆகுது, அதுக்கு மேல 9% வரி வேற.

திருகு மூடி போட்ட போத்தலா எடுங்க. கோர்க் போட்டதுன்னா திறப்பான் வேணும். அதைக் கையில வச்சிருந்தா எயார்போர்ட் சோதனையில எடுத்துக்கவும் கூடும்.

கொட்டகலை_டீ
எல்லாரும் எப்படிக் குறைக்கிறதுன்னு சொல்றீங்க. நடுக்கடல்ல நாட்டு வரியே இல்லையே, அங்க ஏன் இவ்வளவு விலை? எனக்கு அதுதான் புரியல.

பதுளை_பார்மேன்
வரி இல்லாததால மிஞ்சுற காசு கம்பனிக்கு, நமக்கில்ல. பெரிய குரூஸ் கம்பனிகளோட வருமானத்துல மூணுல ஒரு பங்கு போல கப்பலுக்குள்ள செலவழிக்கிற காசுதான்: பார், கசினோ, கரைச் சுற்றுலா, கடைகள். டிக்கெட்டைக் குறைச்சுக் காட்டி ஆளை ஏத்திட்டு, ஏறினதுக்கப்புறம் எடுக்குறாங்க. ஏப்ரல் சீசன்ல நுவரெலியாவுல அறை விலை ஏறுற மாதிரிதான், வேற எங்கயும் போக முடியாத ஆள்கிட்ட கேட்டதுதான் விலை. சில துறைமுகத்துல கப்பல் நிக்கிறப்போ அந்த நாட்டு வரியும் பில்லுல ஏறும்.

18% பெருசாத் தெரியுது, ஆனா விலையைத் தூக்குறது அது இல்ல. நம்ம ஊர் ஹோட்டல்லயும் 10% சேர்விஸ் சார்ஜ் போட்டு அதுக்கு மேல 18% வற் வரி போட்டா 100 ரூபா 129.80 ஆகுதே. கப்பல்ல அடிவிலையே உசரம். அதனால சதவீதத்தோட மல்லுக்கட்டாம, கப்பல்ல வாங்குற கிளாஸ் எண்ணிக்கையைக் குறைக்கப் பாருங்க.

கப்பலுக்குள்ள இருக்கிற டியூட்டி ப்ரீ கடையில போத்தல் மலிவாத் தெரியும். வாங்கினா கையில தர மாட்டாங்க, கடைசி இரவுதான் கெபினுக்கு வரும். பினாங்குல, புகெட்ல வாங்கிட்டு ஏறினாலும் அதே கதைதான், ஏணிப்படியில வாங்கி ரசீது தந்து பூட்டி வச்சுட்டு முடிவுலதான் தருவாங்க. வீட்டுக்குக் கொண்டு போக வாங்கலாம், கப்பல்ல குடிக்க உதவாது.

நானுஓயா77
சுமதி அக்கா, எல்லாக் கம்பனியிலயும் ஆளுக்கு ஒரு போத்தல் உண்டா?

பண்டாரவளை_சுமதி
இல்ல தம்பி. எம்எஸ்சியில வெளி மதுபானமே ஏத்த விட மாட்டாங்க. நோர்வீஜியன்ல கொண்டு போகலாம், ஆனா போத்தலுக்குக் கோர்க்கேஜ் (வெளியிலிருந்து கொண்டு வர்ற போத்தலுக்கு வாங்குற கட்டணம்) கட்டணும், கெபின்ல குடிச்சாலும். டிக்கெட் எடுக்கிறதுக்கு முந்தியே கம்பனியோட இணையத்தளத்துல மதுபான விதியைத் தேடிப் படிச்சிருங்க. வைன் குடிக்கிற குடும்பத்துக்கு ரெண்டு டிக்கெட்டுக்கு இடையில இருக்கிற விலை வித்தியாசம் இதுலயே காணாமப் போகும்.

ஹட்டன்_மழை
கோர்க்கேஜ்னு சொன்னதும் ஞாபகம் வந்தது. எங்க நாலு போத்தலை டைனிங் ரூமுக்குக் கொண்டு போனா அதுக்கும் கட்டணமா?

லிந்துலைக்காரன்
கெபின்ல குடிச்சா பெரும்பாலான கம்பனிகள்ல இல்ல. போத்தலை மேசைக்குக் கொண்டு போய் அவங்க திறந்து ஊத்தினாத்தான் கட்டணம், வழக்கமா 15 டொலருக்கு மேல. ரொயல் கரீபியன்ல இப்போ எவ்வளவுன்னு உங்க புக்கிங் பக்கத்துலயே பார்த்துக்கங்க. 15ன்னு வச்சு ரெண்டு கணக்கு போட்டுக் காட்டுறேன்.

சாங்கியில 20 அமெரிக்க டொலர் போத்தல், கோர்க்கேஜ் 15, மொத்தம் 35. கப்பல்ல அதே தரத்துல 53.10. மிச்சம் 18.10. பரவாயில்ல, அவ்வளவுதான். இப்போ 35 டொலர் போத்தல் எடுங்க, கோர்க்கேஜோட 50. அந்தத் தரம் கப்பல் மெனுவுல 90ன்னு இருந்தா சேர்விஸ் சார்ஜோட 106.20. மிச்சம் 56.20. கோர்க்கேஜ் மலிவு வைனுக்கும் விலை கூடின வைனுக்கும் ஒரே தொகை. அதனால டைனிங் ரூமுக்கு நல்ல போத்தல் ரெண்டு, கெபின்ல பால்கனியில உக்காந்து குடிக்க மலிவானது ரெண்டு எடுத்துட்டுப் போங்க. கெபின்ல கிளாஸ்ல ஊத்தி, சாப்பாட்டு நேரத்துல கையில எடுத்துட்டுப் போறவங்களையும் சாதாரணமா யாரும் நிறுத்திக் கேக்குறதில்ல.

வெள்ளை வைனைக் கெபின் குளிர்பெட்டியில வச்சா சரியாக் குளிராது, பல கப்பல்ல அது மெல்லத்தான் குளிரூட்டும். கெபின் பார்க்கிற பையன்கிட்ட ஐஸ் வாளி கேளுங்க, காசு இல்ல. ஐஸும் தண்ணியும் பாதிக்குப் பாதி போட்டுப் போத்தலை இறக்கினா அரை மணித்தியாலத்துக்குள்ள தயார். வெறும் ஐஸ் போட்டா நேரம் எடுக்கும்.

பதுளை_பார்மேன்
கடைசியா அந்தப் பில் சீட்டு. கப்பல்ல வாங்குற ஒவ்வொரு தடவையும் சின்னச் சீட்டு ஒண்ணு கையெழுத்துக்கு வரும். மேல வைன் பேரும் விலையும், அதுக்குக் கீழ சேர்விஸ் சார்ஜ் 18%, அதுக்குக் கீழ ஒரு வெத்து இடம். அந்த வெத்து இடம் மேலதிக டிப்ஸுக்கு. சேர்விஸ் சார்ஜ் ஏற்கனவே ஏறியாச்சு. தெரியாதவங்க பழக்கத்துல அதுலயும் 10% எழுதிடுறாங்க. ஊத்தித் தந்த பையனுக்கு மனசார ஏதும் கொடுக்கணும்னா தாராளமா எழுதுங்க, பெரும்பாலும் நம்ம மாதிரி நாட்டுலருந்து வந்த பிள்ளைகள்தான். இல்லாட்டி அந்த இடத்துல கோடு போட்டு, மொத்தத்தைத் திருப்பி எழுதிக் கையெழுத்துப் போடுங்க.

கணக்கை ஒவ்வொரு இரவும் கெபின் டீவியிலயோ கம்பனி எப்லயோ பார்த்துக்கங்க. உங்க ரெண்டு கெபினும் ஒரே மேசைங்கிறதால ஒருத்தர் வைன் மத்தவர் கணக்குல ஏறுறது நடக்கும். அன்னைக்கே வரவேற்பு மேசையில சொன்னா மாத்திடுவாங்க. கடைசி நாள் காலையில அங்க நீண்ட வரிசை நிக்கும்.

காட்: டெபிட் காட் கொடுக்காதீங்க. வைப்புன்னு ஒரு தொகையைப் பிடிச்சு வச்சு, பயணம் முடிஞ்சு பல நாள் கழிச்சுத்தான் விடுவிப்பாங்க. கிரெடிட் காட்டைக் கொடுங்க, வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்து விடச் சொல்லி ஹட்டன் கிளையிலயே முன்கூட்டிப் பேசிடுங்க. ரூபாவுல கட்டுறீங்களா டொலர்ல கட்டுறீங்களான்னு சாங்கிக் கடையிலயோ கப்பல்லயோ மெஷின் கேட்டா டொலர்னு அமத்துங்க. ரூபான்னு அமத்தினா மாற்று வீதத்தை அவங்க வச்சுக்குவாங்க, அது உங்க வங்கி வீதத்தை விட மோசமாத்தான் இருக்கும்.