ஸ்டெம் செல்லின் இருப்பிடம்: குடலில் மாட்டிக்கொண்டேன், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. திசுவுக்குத் திசு ஸ்டெம் செல்களின் (தாமும் பெருகி, மற்ற வகைச் செல்களையும் உருவாக்கும் செல்கள்) இருப்பிடம் (niche) எப்படி மாறுகிறது என்று வகுப்பில் பேச வேண்டும். சுற்றியுள்ள சூழல்தான் ஒரு செல்லை ஸ்டெம் செல்லாகவே வைத்திருக்கிறது என்று 1978இல் ஆய்வாளர் ஸ்கோஃபீல்டு சொன்னது புரிகிறது. எலும்பு மஜ்ஜையில் ரத்தக்குழாயின் ஓரம், தசையில் நாருக்கும் அதன் அடித்தள உறைக்கும் நடுவே ஓர் இடுக்கு. சரி, இதுவரை சிக்கல் இல்லை.

குடல்தான் குழப்புகிறது. குடல் சுவரின் நுண்ணிய குழிகளின் அடியில் பேனத் செல்கள் என்ற ஒருவகைக் குடல் செல்கள் ஸ்டெம் செல்களை ஒட்டி உட்கார்ந்து, அவற்றை ஸ்டெம் செல்லாகவே வைத்திருக்க உதவும் விண்ட் (Wnt) என்ற புரதச் சமிக்ஞையைத் தருகின்றன. ஆனால் எலிகளில் பேனத் செல்களை நீக்கியும் ஸ்டெம் செல்கள் பிழைத்தன! கீழேயுள்ள இணைப்புத்திசு செல்களும் விண்ட் தருகின்றனவாம். அப்படியென்றால் இருப்பிடம் எது, பக்கத்து வீடா, முழுத் தெருவா? படம் வரையும்போது எதைச் சுற்றிக் கோடு போடுவது? பாடம் எடுப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.